ஃபார்மட் செய்யச் சொல்வதற்கு முன்

"கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவாகிவிட்டது, அடிக்கடி நீலத்திரை வருகிறது. ஃபார்மட் செய்து கொடுத்துவிடுங்கள்." பழுதுபார்க்கக் கொண்டுவருகிறவர்களில் பெரும்பாலோர் நோயோடு மருந்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார்கள். பல இடங்களில் மறுபேச்சின்றி, டிஸ்க்கில் உள்ளதை அழித்து விண்டோஸைப் புதிதாக நிறுவிக் கொடுத்தும்விடுகிறார்கள். கோளாறு விண்டோஸில் இருந்தால் சரிதான். வன்பொருளில் இருந்தால் சில நாட்களிலேயே, கணினி நின்றுபோய்ப் பிழைச் செய்தி காட்டும் அதே நீலத்திரை மறுபடி வந்து நிற்கும். அதற்குள் பழைய கோப்புகள் போயிருக்கும். சர்வீஸ் வேலையில் நான் பார்க்கும் இழப்புகளில் மிகுதியும் இப்படித் தேவையில்லாமல் நேர்பவை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் திரையின் மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள். சில ஆண்டுகள் பின்னால் போயிருக்கிறதா? எந்த இணையதளத்தைத் திறந்தாலும் "இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்ற எச்சரிக்கை வருகிறதா? இதை வைரஸ் என்று நினைத்துப் பதறுகிறவர்கள் உண்டு. கணினியின் பாகங்களெல்லாம் பொருந்தும் முதன்மைப் பலகையான மதர்போர்டில் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும். சிஆர் 2032 என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது தீர்ந்துபோனால் கணினி பழைய தேதியில் விழித்துக்கொள்ளும். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. பழைய தேதியில் இருக்கும் கணினி, இன்றைய சான்றிதழை இன்னும் செல்லுபடியாகாத ஒன்றாகவே பார்க்கும். பேட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்தால் முடிந்தது. மளிகைக் கடையில்கூடக் கிடைக்கும் பேட்டரி அது.

அடுத்து நீலத்திரை. ஒவ்வொரு முறையும் ஒரே பிழையும் வன்பொருளை இயக்கும் டிரைவர் கோப்பு ஒன்றின் பெயரே திரும்பத் திரும்பவும் வந்தால் மென்பொருளைச் சந்தேகிக்கலாம். வரும்போதெல்லாம் வேறு வேறு பிழை வந்தால் என் கை முதலில் ரேமுக்குத்தான், அதாவது கணினியின் தற்காலிக நினைவகத்துக்குத்தான், போகும். விண்டோஸைப் புதிதாக நிறுவும்போது பாதியில் "கோப்பு சிதைந்துள்ளது" என்று நின்றுபோவதும் பல நேரங்களில் ரேமின் வேலைதான். அந்த நிலையில் எத்தனை முறை ஃபார்மட் செய்தாலும் அதே இடத்தில்தான் வந்து நிற்கும்.

ரேமின் விளிம்பில் தங்க முலாம் பூசிய தொடுமுனைகள் இருக்கின்றன. தூசியும் மழைக்கால ஈரப்பதமும் அவற்றில் படியும். கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். மின்கம்பியைப் பிளக்கிலிருந்து கழற்றுங்கள். பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி, மிச்சமுள்ள மின்சாரத்தை வடியவிடுங்கள். கேபினட்டின் இரும்புப் பகுதியை ஒரு முறை தொட்டால் உடலில் உள்ள நிலைமின்சாரம் நீங்கும். பிறகு ரேமைக் கழற்றி, தொடுமுனைகளை வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள்களைத் துடைத்துவிட்டு, இரு பக்கமும் 'கிளிக்' என்று பூட்டும்வரை அழுத்திப் பொருத்துங்கள். இயங்காமல் பீப் ஒலி மட்டும் எழுப்பிக்கொண்டிருந்த கணினிகள் பல, இந்த ஒரு காரியத்தில் எழுந்துவிடுகின்றன. இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகவும், அதைப் பொருத்தும் ஒவ்வொரு ஸ்லாட்டிலும் மாற்றி மாற்றியும் போட்டுப் பாருங்கள். பழுது ரேமிலா, ஸ்லாட்டிலா என்பது அப்போதுதான் பிரியும். பிறகு மெம்டெஸ்ட்86 என்ற சோதனை நிரலைப் பென் டிரைவில் ஏற்றி இரவு முழுக்க ஓடவிடுங்கள். வேகத்தைக் கூட்டி வைக்காத ரேமில் ஒரே ஒரு பிழை காட்டினாலும் அதை நம்பிக் கணக்கு வழக்கு எழுதக் கூடாது.

பத்து நிமிடம் ஓடி அணைந்து, உடனே போட்டால் இன்னும் சீக்கிரம் அணைகிறதா? அது வெப்பம். மின்விசிறியில் தூசி அடைத்திருக்கும், அல்லது பிராசசர் மேல் தடவிய, வெப்பத்தைக் கடத்தும் பசை காய்ந்திருக்கும். இன்டெல் பிராசசரோடு வரும் விசிறியில் நான்கு பிளாஸ்டிக் ஊசிகள் உண்டு. ஒன்று எழும்பி நின்றால்கூட வெப்பத்தட்டு சாய்ந்துவிடும். நான்கையும் அழுத்திப் பாருங்கள்.

ஹார்ட் டிஸ்க் விஷயத்தில் மட்டும் நான் சொல்வது நேர்மாறானது. மற்ற பாகங்களைக் கழற்றிப் பாருங்கள், துடைத்துப் பாருங்கள் என்கிறேன். டிஸ்க்கில் சந்தேகம் வந்த நொடியில் கையை எடுத்துவிடுங்கள்.

கோப்புறையைத் திறந்தால் நெடுநேரம் சுற்றுவது, குறிப்பிட்ட சில படங்களில் மட்டும் உறைந்து நிற்பது, 'டக் டக்' என்று சீராகத் தட்டும் ஓசை ஆகியவை அறிகுறிகள். தட்டும் ஓசை கேட்டால் வேறெந்தச் சோதனையும் வேண்டாம், உடனே அணைத்துவிடுங்கள். சுழலும் தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில்தான் படிக்கும் முனை மிதந்து செல்கிறது. அந்த முனை சேதமடைந்திருந்தால், இயங்கும் ஒவ்வொரு நிமிடமும் தட்டின் பரப்பைச் சுரண்டக்கூடும். ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வதைக் கேட்காதீர்கள். உள்ளே ஈரம் படிந்து, மிஞ்சியிருக்கும் கோப்புகளும் போய்விடும்.

ஓசை இல்லை, மெதுவாக மட்டும் இருக்கிறது என்றால் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில், டிஸ்க் தன் நிலையைத் தானே பதிவுசெய்து வைக்கும் ஸ்மார்ட் அறிக்கையைப் பாருங்கள். 05 என்ற வரி, கெட்டுப்போனதால் மாற்றிவைக்கப்பட்ட பகுதிகளைக் காட்டும். சி5 என்ற வரி, படிக்க முடியாமல் தவிக்கும் பகுதிகளைக் காட்டும். இவற்றின் மூல மதிப்பு பூஜ்ஜியத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்கை இனி நம்ப முடியாது. முதல் வேலை, தேவையான கோப்புகளை வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுப்பது. 'செக் டிஸ்க்' கட்டளையை அதற்கு முன் ஓட்டக் கூடாது. கோப்பு முறைமையை ஒழுங்காக்குவதுதான் அதன் பணி, உங்கள் படங்களைக் காப்பதல்ல. சாகும் நிலையிலுள்ள டிஸ்க்கை அது முழுக்கப் புரட்டியெடுத்துவிடும்.

திருமணப் படம் எடுக்கும் ஸ்டுடியோ ஒன்றின் டிஸ்க் என்னிடம் வந்தது. மெதுவாக இருக்கிறது என்று வேறோர் இடத்தில் ஃபார்மட் செய்து, பிறகு மீட்பு மென்பொருளை இரவும் பகலும் ஓடவிட்டிருக்கிறார்கள். முதலிலேயே நகலெடுத்திருந்தால் பெரும்பகுதி கிடைத்திருக்கும். வந்தபோது டிஸ்க்கைக் கணினி அடையாளம்கூடக் காணவில்லை. சில குடும்பங்களின் ஆல்பங்கள் அத்தோடு போய்விட்டன. அந்த ஸ்டுடியோக்காரர் அவர்களிடம் என்ன சொல்லியிருப்பார் என்பதை இப்போது நினைத்தாலும் எனக்கு வேதனையாக இருக்கிறது.

முன்பு சொன்ன ஸ்மார்ட் அறிக்கையில் சி7 என்றொரு வரி உண்டு. 05, சி5 இரண்டும் பூஜ்ஜியமாக இருந்து இது மட்டும் ஏறினால், கோளாறு பெரும்பாலும் டிஸ்க்கில் இல்லை, அதை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளில் இருக்கிறது. கேபிளை மாற்றினால் போதும். இந்த வரியைப் பார்க்காமலே நல்ல டிஸ்க்குகளைத் தூக்கியெறிகிறார்கள்.

சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி தட்டாது, முனகாது. பல நேரங்களில் முன்னறிவிப்பே இல்லாமல் நின்றுவிடும். அழித்த கோப்புகள் இருந்த இடத்தை டிரிம் என்ற கட்டளை மூலம் அது உள்ளுக்குள் துடைத்தும்விடுவதால், ஃபார்மட் செய்தபின் மீட்பது பெரும்பாலும் நடக்காது.

கேபினட்டைத் தொட்டால் 'சுர்'ரென்று மெலிதாக ஷாக் அடிக்கிறதா? பலர் அதோடு பழகிவிட்டார்கள், பழகக் கூடாது. கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே மின் இரைச்சலை வடிகட்டும் சிறு மின்தேக்கிகள் கேபினட்டோடு இணைந்திருக்கின்றன. அவற்றில் கசியும் சிறு மின்னோட்டம் எர்த் வழியே இறங்க வேண்டும். சுவரில் மூன்று துளைச் சாக்கெட் இருக்கும், பின்னால் எர்த் கம்பியே இருக்காது. அப்போது 230 வோல்ட்டில் ஏறத்தாழப் பாதி அழுத்தம் கேபினட்டில் நிற்கும். எச்டிஎம்ஐ, யுஎஸ்பி கேபிள்களைச் செருகும்போது துளைகள் எரிந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம். இதற்குக் கணினி மெக்கானிக் வேண்டாம், எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் நீங்கள் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் பெரிய மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

மடிக்கணினி வைத்திருப்பவர்கள் இன்றே செய்ய வேண்டிய ஒன்று உண்டு. புதிதாக வரும் விண்டோஸ் 11 மடிக்கணினிகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு தொடங்கும்போதே டிஸ்க் தானாகப் பூட்டப்படுகிறது. உரிமையாளருக்கே அது தெரிவதில்லை. மதர்போர்டு பழுதாகி மாற்றினாலோ, டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் போட்டாலோ, 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது இல்லாவிட்டால் டிஸ்க் நன்றாக இருந்தும் எந்தத் தொழில்நுட்பராலும் ஒரு கோப்பைக்கூட எடுக்க முடியாது. கணினி நன்றாக இயங்கும்போதே அந்தக் கணக்கில் நுழைந்து, சாவி அங்கே பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வைத்துவிடுங்கள்.