இம்பீச்மென்ட் என்றால் பதவி நீக்கமா?

'இருமுறை பதவி நீக்கம் செய்யப்பட்ட ஒரே அமெரிக்க அதிபர் டிரம்ப்.' 'இம்பீச்மென்ட்' என்ற ஆங்கிலச் சொல்லை இப்படிப் பெயர்த்து, தமிழ்ச் செய்திகளில் இந்த வரி ஓயாமல் வருகிறது. 2019 டிசம்பரில் நீக்கப்பட்டவர் 2020 நவம்பர் தேர்தலை எப்படி அதிபராகவே சந்தித்தார் என்று எழுதியவர் ஒரு கணம் யோசித்திருக்கலாம். இம்பீச்மென்ட்டால் பதவி இழந்த அமெரிக்க அதிபர் இதுவரை ஒருவரும் இல்லை. 1868இல் ஆண்ட்ரூ ஜான்சன், 1998இல் கிளின்டன், 2019இலும் 2021இலும் டிரம்ப் என நான்கு முறை நடந்தது. நான்கு முறையும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் விடுவித்துவிட்டது.

சொல்லின் வேர் லத்தீன். 'பெடிகா' என்றால் கால்விலங்கு. அதிலிருந்து வந்த வினை பிரெஞ்சில் 'தடுத்தல்' ஆகி, ஆங்கிலத்தில் 'குற்றம் சாட்டுதல்' என்று நிலைத்தது. இங்கிலாந்து நாடாளுமன்றம் 1376இல் கையாண்ட முறையே அமெரிக்க அரசமைப்புக்கும் வந்து சேர்ந்தது.

நடைமுறையைப் பார்த்தால் பொருள் தானே விளங்கும். 435 உறுப்பினர் கொண்ட கீழவையான பிரதிநிதிகள் சபை குற்றச்சாட்டுகளைத் தனித்தனியாக வாக்கெடுப்புக்கு விடும். சாதாரணப் பெரும்பான்மை போதும். கிளின்டன் மீது நான்கு வந்தன, இரண்டே நிறைவேறின. ஒன்று நிறைவேறினாலே இம்பீச்மென்ட் முடிந்தது. அதன் பிறகுதான் செனட்டில் விசாரணை. அங்கே வந்திருப்போரில் மூன்றில் இரண்டு பங்கினர் குற்றவாளி என்றால்தான் பதவி போகும். ஜான்சனுக்கு எதிராக 35, ஆதரவாக 19. ஒரே வாக்கில் தப்பினார். 2021இல் டிரம்புக்கு எதிராக 57 வாக்குகள் விழுந்தன, தேவைப்பட்டவை 67.

அந்த 2021 விசாரணை நடந்தபோது டிரம்ப் பதவியிலேயே இல்லை. ஜனவரி 20இல் இறங்கிவிட்டார், செனட் வாக்களித்தது பிப்ரவரி 13இல். பதவியில் இல்லாதவரை எதிலிருந்து நீக்குவது? குற்றவாளி என்று தீர்ப்பானால் இனி எப்பதவியும் வகிக்க முடியாதபடி தனி வாக்கெடுப்பில் தடை விதிக்கலாம், அதற்காகத்தான் விசாரணை நடந்தது. 'பதவி நீக்கம்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு இந்த நிகழ்ச்சியைத் தமிழில் சொல்லவே முடியாது. அதிபர் நிக்சனையும் இம்பீச்மென்ட் ஆனவர்கள் பட்டியலில் சேர்க்கிறார்கள். அவர் 1974 ஆகஸ்ட்டில், முழுச் சபை வாக்களிக்கும் முன்பே விலகியவர். அவர் மீது இம்பீச்மென்ட் நிறைவேறவே இல்லை.

இந்தப் பிழைக்கு ஒரு வேர் நம் நாட்டில் இருக்கிறது. உச்ச நீதிமன்ற நீதிபதிகளைப் பற்றி இந்திய அரசமைப்பின் 124ஆம் பிரிவு பேசுவது நீக்கத்தைத்தான், இம்பீச்மென்ட் என்ற சொல்லே அங்கு இல்லை. ஆகவே நீதிபதிகளுக்குப் 'பதவி நீக்கத் தீர்மானம்' மிகச் சரி. ஆங்கில ஏடுகள் அதையும் இம்பீச்மென்ட் என்று எழுதப்போய், நம் மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டும் ஒன்றென்று எடுத்துக்கொண்டு அமெரிக்காவுக்கும் அதையே ஒட்டிவிட்டார்கள். 'கண்டனத் தீர்மானம்' என்பாரும் உண்டு. அது வேறு, 1834இல் செனட் அன்றைய அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சனைக் கண்டித்தது, விசாரணையும் இல்லை, பதவிக்கு ஆபத்தும் இல்லை.

இலங்கைத் தமிழ் ஏடுகள் 2013இல் தலைமை நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க விவகாரத்தில் 'குற்றப்பிரேரணை' என்று எழுதின. பிரேரணை வடசொல் என்பது எனக்கு உறுத்தல்தான். ஆனாலும் பொருள் அதில் பிழையின்றி இருக்கிறது, தமிழ்நாட்டு வழக்கைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

என் தேர்வு 'பதவிக் குற்றச்சாட்டு'. பதவியில் இருந்து செய்த குற்றம், அதற்குச் சபை சாட்டும் சாட்டு, இரண்டும் அதில் அடங்கிவிடுகின்றன. வினையாக்குவதும் எளிது: 'பிரதிநிதிகள் சபை கிளின்டன் மீது பதவிக் குற்றம் சாட்டியது, செனட் விடுவித்தது.' காவல்துறை குற்றப்பத்திரிகை தாக்கல் செய்த அன்றே 'தண்டனை பெற்றார்' என்று எந்தச் செய்தியாளரும் எழுதுவதில்லை. அந்தக் கவனம் இங்கும் வேண்டும். பதவி நீக்கம் என்பதைச் செனட் தீர்ப்புக்கென்று விட்டுவைக்க வேண்டும். அப்படி உண்மையாகவே நீக்கப்பட்ட கூட்டாட்சி நீதிபதிகள் எட்டுப் பேர் இருக்கிறார்கள். 1989இல் நீக்கப்பட்ட ஆல்சி ஹேஸ்டிங்ஸ் அவர்களில் ஒருவர். செனட் அவருக்குத் தடை விதிக்காததால், 1992 தேர்தலில் வென்று, தன்மீது பதவிக் குற்றம் சாட்டிய அதே பிரதிநிதிகள் சபைக்கு உறுப்பினராகப் போனார்.