ஆட்காட்டி கத்தினால் நின்றுவிடுங்கள்

விடியற்காலையில் வட இலங்கையின் மன்னார்ப் பக்கமுள்ள வங்காலைக் களப்பின் ஓரத்தில் வாகனத்தை விட்டு இறங்கினால் நம்மை முதலில் கண்டுகொள்வது ஆட்காட்டிக் குருவி. கண்ணோரம் சிவந்த சதை, நீண்ட மஞ்சள் கால்கள், தொண்டை கிழியும் கத்தல். ஆள் வருகிறது என்று சுற்றுவட்டாரம் முழுவதற்கும் அறிவித்துவிட்டுத்தான் அடங்கும்.

அது கத்தியவுடன் நான் பார்ப்பது அதையல்ல, அதற்கு அப்பால் சேற்றுநீரில் நிற்கும் பூநாரைகளை. அவற்றின் தலைகள் எங்கே இருக்கின்றன? தண்ணீருக்குள் என்றால் கவலையில்லை. பூநாரை அலகைத் தலைகீழாக நீரில் கவிழ்த்து, நாக்கால் நீரை உள்ளிழுத்து வெளித்தள்ளி, சிற்றுயிர்களை வடிகட்டித் தின்னும் பறவை. தலை உள்ளே இருக்கும்வரை அது உண்கிறது. ஒரு தலை நிமிர்ந்தால் காவல். பத்துத் தலைகள் நிமிர்ந்து கழுத்துகள் கம்புபோல் நின்றால் நாம் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டோம். பிறகு கூட்டம் எதிர்ப்பக்கம் திரும்பி நடக்கும். நடை ஓட்டமாகும். கனத்த உடலாதலால் நீரில் ஓடித்தான் அதனால் மேலெழ முடியும்.

மாரிகாலத்தில் மன்னாரில் தொடங்கி மலைநாட்டில் முடியும் எட்டு நாள் பறவைப் பயணங்களுக்கு வழிகாட்டுவது என் தொழில். இந்தத் தலைக் கணக்கைப் படிக்க எனக்கு இரண்டு பருவங்கள் ஆயின, அதுவும் வெட்கப்பட்டுத்தான். ஒரு நாள் விருந்தினர் ஒருவர், பூநாரைகள் பறக்கும்போது சிறகின் சிவப்பைப் படமெடுக்க வேண்டும் என்றார். நான் இரண்டு கைகளையும் ஓங்கித் தட்டினேன். கூட்டம் எழுந்தது, கமராக்கள் பொரிந்தன, எனக்கு அன்பளிப்பும் கிடைத்தது. இடுப்பளவு நீரில் இறால் பிடித்துக்கொண்டிருந்த முதியவர் கரையேறி வந்து, “தம்பி, பந்தியில் இருப்பவர்களை எழுப்பிவிட்டு அழகு பார்க்கிறீர்களோ?” என்று கேட்டுவிட்டுப் போனார். அன்று முழுவதும் எனக்கு முகம் கொடுத்துப் பேச முடியவில்லை.

அவர் சொன்னது கணக்காகவும் சரி. வலசைப் பறவைகள் ஆண்டுதோறும் போய்வரும் மத்திய ஆசியப் பறக்கும் பாதையின் தென்கோடியில் இருக்கிறது நம்முடைய தீவு. சைபீரியா வரையுள்ள குளிர்நிலங்களிலிருந்து ஊசிவால் வாத்துகளும் கருவால் மூக்கன்களும் இன்னும் பல உள்ளான்களும் இதைத் தாண்டி நிலமில்லாத இடம்வரை வந்துசேர்கின்றன. பெப்ரவரி, மார்ச்சில் திரும்பிப் போகுமுன் உடலில் கொழுப்பு ஏற்ற வேண்டும். அதுதான் வழிச்செலவு. ஒவ்வொரு முறை கலைக்கப்படும்போதும் உண்ணும் நேரமும் போகிறது, சேர்த்த கொழுப்பும் எரிகிறது. காலையில் ஒரு வாகனம், பிறகு ஒரு ட்ரோன், மாலையில் கைதட்டும் ஒரு குழு என்று நாள் போனால் பறவை எதைச் சேர்க்கும்? ட்ரோனைப் பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். மேலிருந்து வருவது எதுவாயினும் நீர்ப்பறவைக்கு அது பருந்துதான். எவ்வளவு உயரத்தில் பறக்கவிட்டீர்கள் என்ற வாதமெல்லாம் நமக்குள் நடப்பது.

வங்காலை 2008இல் சரணாலயமானது. 2010இல் 4,839 ஹெக்டயர் பரப்புடன் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. ஆனாலும் மன்னார் வீதியில் போகும் பலருக்கு அது மன்னார்த் தீவுக்குக் கடலைக் கடக்கும் தாம்போதிக்கு முன்னால் வரும் வெறும் வெளி. வண்டியை நிறுத்திக் கதவை அறைந்து சாத்தி இறங்குகிறார்கள். இறங்காதீர்கள். கண்ணாடியைக் கீழிறக்கிவிட்டு உள்ளேயே இருங்கள். வாகனத்தைப் பறவைகள் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை, இரண்டு காலில் நிமிர்ந்து வரும் உருவத்துக்குத்தான் அஞ்சுகின்றன. நடந்தே ஆக வேண்டுமானால் நேரே நடக்காதீர்கள். மாடு மேய்ப்பவரைக் கவனியுங்கள். அவர் கோணலாக, நின்று நின்று, வேறெங்கோ பார்த்தபடி போவார். அவர் காலடியில் உள்ளான் மேயும். நாம் அதே இடத்துக்குக் கண்ணை எடுக்காமல் நேர்கோட்டில் போவோம். வேட்டைக்கு வரும் விலங்கும் அப்படித்தான் வரும்.

கட்டுக்கரைக்குளத்தில் வேலை சுலபம். குளக்கட்டில் நின்றாலே போதும். அல்லி இலைகளின் மேல் நீளவால் இலைக்கோழி நடப்பதை முக்காலியில் பூட்டிய தொலைநோக்கியில் அரைமணி நேரம் பார்க்கலாம். அடைகாப்பது ஆண், பெண்ணோ அடுத்த துணையைத் தேடிப் போய்விடும் என்று சொன்னால் குழுவில் யாராவது ஒருவர் தன் துணையைத் திரும்பிப் பார்ப்பார். இதுவரை தவறியதில்லை. கரும்பருந்து, கௌதாரி இரண்டையும் வடக்கில்தான் எளிதாகக் காட்ட முடியும் என்பதால் தெற்கிலிருந்து வருபவர்கள் அவற்றுக்காகவே மன்னாரில் ஒரு நாள் கூடுதலாகத் தங்குவதுண்டு.

நல்ல படத்துக்காகப் பாதையை விட்டுப் பற்றைக்குள் இறங்குபவர்களுக்கு, போர் நடந்த வன்னியில் இன்னொரு எச்சரிக்கை. மிதிவெடி அகற்றும் பணி நெடுங்காலமாக நடந்து பெரும்பகுதி நிலம் மீண்டிருக்கிறது. ஆனாலும் மண்டையோட்டுப் பலகை கண்ட இடத்தில் ஒரு அடிகூட வைக்கக் கூடாது. பலகை இல்லாத இடத்திலும், ஊரவர் நடந்து தேய்ந்த தடத்தை விட்டு விலகாதீர்கள். முல்லைத்தீவுப் பக்கம் போகும்போது இதைக் காலைத் தேநீருக்கு முன்பே சொல்லிவிடுவேன்.

கரையோரத்தில் கேள்வி வேறாகிவிடும். தலைமன்னாருக்கு அப்பாலுள்ள மணல் திட்டுகள் 2015இல் ஆதாம் பாலம் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. மே முதல் செப்ரெம்பர் வரை ஆலா என்னும் கடற்பறவைகள் அங்கே வெறும் மணலில் முட்டையிடுகின்றன. முட்டைக்கு மேல் தாய் அமர்வது சூடேற்ற மட்டுமல்ல, நிழல் கொடுக்கவும்தான். நாம் படகிலிருந்து குதித்தவுடன் ஆலாக்கள் தலைக்கு மேல் சுழன்று கத்தும். பார்க்க அற்புதமாக இருக்கும். கீழே உச்சி வெயிலில் முட்டை சில நிமிடங்களில் வெந்துவிடும். அந்தப் பருவத்தில் அங்கே அழைத்துப் போகச் சொன்னால் நான் மறுத்துவிடுகிறேன். வேறு யாராவது கூட்டிப் போவார்கள் என்பதும் தெரியும்.

திரும்பும் வழியில் மன்னார்த் தீவின் தென்கரையில் நிற்கும் காற்றாலைகளைக் காட்டி அபிப்பிராயம் கேட்பார்கள். மின்சாரத்துக்கு நான் எதிரியல்லன். பறவைகள் வலசை வரும் வாசலிலேயே மேலும் மேலும் நட வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

மலைக்கு ஏற ஒரு பகல் முழுவதும் ஓட வேண்டும். வழியில் ஆறுமணிக்குருவியைப் பற்றிச் சொல்வேன். ஒக்டோபரில் கடல் கடந்து வரும்போது களைத்துப்போய், வெளிச்சம் கண்டு வன்னி வீடுகளுக்குள் புகுந்துவிடும் அந்தக் குருவியை நுவரெலியாப் பூங்காவின் ஓடையோரத்தில் குப்பை கிளறியபடி மறுபடி காணலாம். உங்கள் வீட்டுக்குள் வந்தால் ஓர் அட்டைப்பெட்டியில் துளையிட்டு, இருட்டாக வைத்து, விடிந்ததும் திறந்துவிடுங்கள். சோறு ஊட்டாதீர்கள்.

மலையில் தொல்லை கையில் பிடித்த தொலைபேசிதான். பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டால் காட்டுப்பறவை வெளியே வரும், எதிரி வந்துவிட்டான் என்று எண்ணி. ஹோர்ட்டன் சமவெளியில் வாழும் இலங்கைச் சீகாரப்பூங்குருவி இந்தத் தீவின் மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை. விடியலிலும் அந்தியிலும் மட்டுமே சற்று வெளிப்படும். அதைத் தினமும் பத்துத் தொலைபேசிகள் சண்டைக்கு இழுத்தால் அது கூடு கட்டுவது எப்போது?

சென்ற பருவத்தில் ஐந்து பேருடன் அங்கே பனிக்குளிரில் ஒரு குட்டையோரம் நின்றேன். ஒருவர் தொலைபேசியை எடுத்தார், இன்னொருவர் அதை அவர் சட்டைப்பைக்குள்ளேயே திருப்பிப் போட்டார். நாற்பது நிமிடங்கள் போயின. ஊசி போன்ற ஒரு சீட்டி கேட்டது. நீலக்கருமையாக ஏதோ ஒன்று வேரடியில் இறங்கி, ஒரு புழுவை இழுத்து, மறைந்தது. மூவர் கண்டார்கள், இருவர் காணவில்லை. காணாதவர்களில் ஒருவர் ரொட்டிப் பொதியைப் பிரித்துக்கொண்டே, அடுத்த ஜனவரியில் எந்த வாரம் எனக்கு வசதி என்று கேட்டார்.