ஃபேன் வாங்கும் முன், வண்டி எப்போது சூடாகிறது என்று பாருங்கள்

ஹாட் ராட், அதாவது பழைய காரை வேகத்துக்காக மாற்றிக் கட்டும் வண்டி, கட்டுகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, "ரேடியேட்டருக்கு எத்தனை இன்ச் ஃபேன் போடலாம்?" நான் திருப்பிக் கேட்பதும் எப்போதும் ஒன்றுதான். வண்டி எப்போது சூடாகிறது? நிற்கும்போதா, ஓடும்போதா?

இது தெரியாமல் ஃபேன் வாங்கினால் காசுதான் வீண். வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிவிட்டால் எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குப் போதும். அந்த வேகத்திலும் சூடு காட்டும் முள் ஏறுகிறது என்றால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது. ரேடியேட்டர் அடைத்திருக்கலாம், பிளக்கில் பொறி விழும் நேரம் (டைமிங்) பின்தங்கியிருக்கலாம், ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் உறிஞ்சலில் உள்வாங்கி ஒட்டிக்கொள்ளலாம். நின்றால் ஏறி, நகர்ந்தால் இறங்கினால் மட்டும் ஃபேன் பக்கம் போங்கள்.

ஹாட் ராட் என்றாலே நினைவுக்கு வருவது ஃபோர்டின் ஃப்ளாட்ஹெட் வி8. 1932-இல் 221 கன அங்குலம், 65 குதிரைத்திறனோடு வந்த இன்ஜின். சூடு அதன் பிறவிக் குணம். வால்வுகள் பிளாக்குக்குள்ளேயே இருப்பதால், எரிந்த புகை நேராக வெளியே போகாமல் பிளாக்கின் ஊடாக, குளிர்விக்கும் தண்ணீர் சூழ்ந்த பாதையில் போகிறது. போகிற வழியெல்லாம் தண்ணீரைச் சுட வைக்கிறது. போதாததற்கு, ஒவ்வொரு பக்கமும் நடு சிலிண்டர்கள் இரண்டின் புகைக்கும் சேர்த்து ஒரே வழிதான். இதோடு வார்ப்பு மணலும் பல ஆண்டுத் துருவும் பிளாக்கின் அடியில் கெட்டிப்பட்டுக் கிடந்தால் எந்த ஃபேனும் காப்பாற்றாது. முதலில் பிளாக்கை நன்றாகக் கழுவுங்கள், அப்புறம் ஃபேனைப் பற்றிப் பேசலாம்.

ஃபேனைவிட முக்கியம் ஷ்ரவுட், அதாவது ரேடியேட்டரின் முழுப் பரப்பிலிருந்தும் காற்று ஃபேனுக்கு வரும்படி இரண்டுக்கும் நடுவே சுற்றி மூடும் தகட்டுக் கூடு. இதைத்தான் அழகு கெடும் என்று பலரும் கழற்றி வைத்துவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 20-க்கு 20 அங்குல ரேடியேட்டர் என்றால் 400 சதுர அங்குலம். 16 அங்குல ஃபேன் சுற்றும் வட்டம் சுமார் 200. ஷ்ரவுட் இல்லாவிட்டால் ரேடியேட்டரில் பாதிக்குக் காற்றே சரியாகப் போகாது. ஃபேன் பின்னால் தள்ளிய சூடான காற்றையே ஓரத்தால் திரும்ப இழுத்துக்கொள்ளவும் செய்யும். பெல்ட்டில் ஓடும் ஃபேனாக இருந்தால் இறக்கையின் அகலத்தில் பாதி ஷ்ரவுட்டுக்கு உள்ளே, பாதி வெளியே இருக்கட்டும். கிராங்க் புல்லியில் உட்காரும் பழைய ஃபேன் மிகத் தாழ்வாக இருக்கும். உயரமான ரேடியேட்டரின் மேல்பாதி அதற்கு எட்டாது. அங்கே ஷ்ரவுட் இல்லாமல் ஒப்பேற்றவே முடியாது.

எலெக்ட்ரிக் ஃபேன் போடுவதானால் ரேடியேட்டருக்குப் பின்னால் நின்று இழுக்கும் வகையைப் போடுங்கள். முன்னால் நின்று தள்ளுவது எதிர்க்காற்றையும் மறைக்கும். இடமே இல்லை என்றால்தான் அது. ரேடியேட்டர் கோருக்குள், அதாவது குழாய்களும் தகடுகளும் உள்ள நடுப்பகுதிக்குள், பிளாஸ்டிக் கம்பியைக் குத்தி ஃபேனைத் தொங்கவிடும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அதிர்வில் அது தேய்த்துத் தேய்த்துக் குழாயை ஓட்டையாக்கிவிடும். ஓரச் சட்டத்தில் பிராக்கெட் வைத்துப் பிடியுங்கள்.

அடுத்தது கரண்ட். பழைய ஃபோர்டுகள் 6 வோல்ட், பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்திருக்கும்). 12 வோல்ட்டில் 15 ஆம்பியர் இழுக்கும் ஃபேனின் அதே வேலையை 6 வோல்ட்டில் வாங்க 30 ஆம்பியர் வேண்டும். அந்தக் கால டைனமோ நல்ல வேகத்தில் தருவதே ஏறக்குறைய அவ்வளவுதான். ஐடிலில், அதாவது வண்டி நின்று இன்ஜின் மெதுவாக ஓடும்போது, அது கிட்டத்தட்ட ஒன்றுமே தராது. ஃபேன் அதிகம் தேவைப்படுவதோ ஐடிலில்தான்! விளக்கும் எரிந்தால் பேட்டரி சீக்கிரமே படுத்துவிடும். எலெக்ட்ரிக் ஃபேன் வேண்டும் என்றால் 12 வோல்ட்டுக்கும் ஆல்டர்னேட்டருக்கும் மாறுவதுதான் நேர்வழி.

பாசிட்டிவ் எர்த்தை அப்படியே வைத்திருப்பவர்கள் ஃபேனின் பாசிட்டிவ் ஒயரை பாடிக்குக் கொடுக்க வேண்டும். பழக்கத்தில் மாற்றிக் கொடுத்தால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். சத்தம் வரும், காற்றும் வரும், திசை மட்டும் தப்பு. ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு தாளைப் பிடித்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டால் சரி, பறந்தால் ஒயரை மாற்றுங்கள். ஃபைபர் பாடியாக இருந்தால் எர்த் ஒயரைத் தனியாகச் சேசிஸ் வரை கொண்டுபோக வேண்டும்.

ஃபேன் கிளம்பும்போது ஓடுவதைவிட இரண்டு மூன்று மடங்கு கரண்ட் இழுக்கும். டேஷ்போர்டு சுவிட்ச் அதைத் தாங்காது. ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) போட்டு, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வையுங்கள். ஃபேனைத் தானாக ஓட்டும் வெப்ப சுவிட்ச், தெர்மோஸ்டாட் (தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி விடும் வால்வு) திறக்கும் சூட்டைவிட மேலே வேலை செய்ய வேண்டும். 82 டிகிரி செல்சியஸ் தெர்மோஸ்டாட்டுக்கு 93 வாக்கில் ஃபேன் கிளம்பினால் போதும். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஃபேன் நிற்கவே நிற்காது. நேரடி பேட்டரி இணைப்பில் இருந்தால் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் திடீரென்று சுற்றும், விரல் பத்திரம்.

பழைய இரும்பு ஃபேனையே வைத்துக்கொள்வது என்றால் பெயின்டைச் சுத்தமாகச் சுரண்டிவிட்டு, ரிவெட் தலையைச் சுற்றி வெளிச்சத்தில் பாருங்கள். மயிரிழை போலத் துருக்கோடு ஒன்று ரிவெட்டிலிருந்து இறக்கைப் பக்கம் ஓடினால் அது விரிசல். வெல்டு வைக்காதீர்கள், வளைந்ததை நிமிர்த்தவும் வேண்டாம். அந்த ஃபேனைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். வேகத்தில் பிய்ந்த இறக்கை பானெட்டையே கிழித்துக்கொண்டு போகும். பானெட் இல்லாமல் ஓட்டும் ஹாட் ராடில் பக்கத்தில் நிற்பவருக்கு எந்தத் தடுப்பும் இல்லை. இன்ஜினை ரெய்ஸ் செய்து பார்க்கும்போது ஃபேனுக்கு நேர் பக்கவாட்டில் யாரையும் நிற்க விடாதீர்கள்.