‘நான்-டாக்ஸிக்’ மணியும் மூச்சை அடைக்கும்

"நான்-டாக்ஸிக்னு போட்டிருந்துச்சே டாக்டர், அப்புறம் எப்படி?" வீட்டில் கைவேலை செய்துகொண்டிருந்த குழந்தை, கோக்கும் மணியை வாயில் போட்டுவிட்டது என்று தூக்கிக்கொண்டு ஓடிவரும் பெற்றோர் கேட்கும் கேள்வி இது. இந்த வாரமும் கேட்டாயிற்று. இனியும் ஒவ்வொருவருக்காகத் தனித்தனியே விளக்கிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

‘நான்-டாக்ஸிக்’, அதாவது நச்சற்றது என்ற அந்தச் சொல் மணியின் சாயத்தையும் பிளாஸ்டிக்கையும் பற்றியது. வழக்கமான பயன்பாட்டில் கையில் பட்டாலும், தவறி நாக்கில் பட்டாலும் நஞ்சாகாது என்கிறது. அவ்வளவுதான். மணி எவ்வளவு பெரியது, உள்ளே போனால் எங்கே போய் நிற்கும் என்பதைப் பற்றி அது வாயே திறக்கவில்லை. கழுவித் துடைத்த கண்ணாடிக் கோலிகூட நச்சற்றதுதான். தொண்டையில் சிக்கினால் மூச்சு நின்றுவிடும். "இயற்கையானது", "வீட்டிலேயே செய்தது" என்பவையும் இப்படித்தான். உப்பு மாவில் பொம்மை செய்வது நல்ல விளையாட்டு. ஆனால் ஒரு மேசைக்கரண்டி உப்பு உள்ளே போனாலே இரண்டு வயதுக் குழந்தைக்கு ஆபத்து. மாவை வாயில் வைக்கும் பழக்கம் இருந்தால் அதை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள்.

அட்டைப்பெட்டியில் இன்னொரு குறிப்பும் இருக்கும்: "3+". இதைப் பெற்றோர் படிக்கும் விதம்தான் எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. "எங்க பொண்ணு ரொம்ப ஷார்ப், ரெண்டு வயசுலயே நாலு வயசுப் புதிரெல்லாம் போடுவா" என்கிறார்கள். அது அறிவுக்குப் போட்ட வயது இல்லை, தொண்டைக்குப் போட்டது. எவ்வளவு சுட்டியான குழந்தைக்கும் இரண்டு வயதில் மூச்சுக்குழாய் அதன் சுண்டுவிரல் அளவுக்குத்தான் இருக்கும். கடைவாய்ப் பற்கள் முழுதாக வந்திருக்காது. கிடைத்ததை வாயில் வைத்துப் பார்க்கும் பழக்கமும் போயிருக்காது. தயவுசெய்து அந்த எண்ணைப் பாராட்டுப் பத்திரம்போலப் படிக்காதீர்கள்.

பொம்மைப் பரிசோதனையில் 31.7 மி.மீ. விட்டமுள்ள ஒரு சிறிய உருளையைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஆகாது. பந்துக்கு விதி இன்னும் கடுமை: 44.5 மி.மீ.க்கு மேல் இருக்க வேண்டும். உருண்டையானது தொண்டையில் சுற்றிலும் ஒட்டி, காற்றுக்கு இடுக்கே விடாமல் அடைத்துக்கொள்ளும் என்பதால்தான். வீட்டில் டிஷ்யூ சுருள் தீர்ந்தபின் மிஞ்சும் அட்டைக் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 4 செ.மீ. அகலம். அதற்குள் நுழையும் பொருளை மேஜையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

அந்தக் குழாயையே ஒரு விரல் அகல வளையங்களாக வெட்டினால் மணி கோக்கும் விளையாட்டு தயார். வண்ணம் பூசி, காயவிட்டு, பழைய ஷூ லேஸில் கோக்கச் சொல்லுங்கள். பிஞ்சு விரல்களுக்குச் சின்ன மணி தரும் அதே பயிற்சி இதிலும் கிடைக்கும். லேஸ் ஒரு சாணுக்கு, அதாவது 22 செ.மீ.க்கு மேல் வேண்டாம். நீளமானால் கழுத்தில் சுற்றும்.

பாட்டுக்குக் கிலுகிலுப்பை செய்கிறவர்கள் பெரும்பாலும் மூடியில்தான் கோட்டை விடுகிறார்கள். பாட்டிலில் விதையோ மணியோ போட்டு மூடி, மேலே டேப் சுற்றினால் போதாது. குழந்தை அதைச் சப்பும், எச்சிலில் டேப் உரியும். 250 மி.லி. பாட்டிலில் கால்பாகம் மட்டும் நிரப்புங்கள், ஓசையும் அப்போதுதான் நன்றாக வரும். மூடியின் புரியில் வலுவான பசை தடவித் திருகி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, அதற்குப் பிறகு டேப் சுற்றுங்கள். வாரம் ஒருமுறை மூடியைத் திருகிப் பாருங்கள். அசைந்தால் குப்பைக்குப் போகட்டும். இவ்வளவு பொறுமை இல்லையென்றால் இரண்டு மரக்கரண்டியும் ஒரு கிண்ணமும் போதும், தாளம் குறையாது.

ஆடிப்பாடும்போது வாய் காலியாக இருக்க வேண்டும். பாடவும் சிரிக்கவும் குழந்தை ஆழமாக மூச்சை இழுக்கும். அந்த ஒரு இழுப்பில் கன்னத்தில் ஒதுக்கிய மணியும் கூடவே போய்விடும். பலூனை எட்டு வயதுவரை பெரியவர் துணையில்லாமல் தராதீர்கள். உடைந்த துண்டுகளை அந்த நொடியே பொறுக்குங்கள், ரப்பர் தொண்டையில் படிந்து ஒட்டிக்கொள்ளும்.

அடைத்துக்கொண்டால்: குழந்தை சத்தமாக இருமினால் இருமட்டும், முதுகில் தட்டாதீர்கள். சத்தமே வரவில்லை என்றால் ஒரு நொடியும் காத்திருக்க வேண்டாம். ஒரு வயதுக்குக் கீழே என்றால் தலை தாழ முன்கையில் குப்புறக் கிடத்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே 5 அடி. திருப்பிப் போட்டு நெஞ்சின் நடுவில் 5 அழுத்து. ஒரு வயதுக்கு மேல் என்றால் முதுகில் 5 அடி, பிறகு பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத் தொப்புளுக்கு மேலே உள்ளும் மேலுமாக 5 அழுத்து. வெளியே வரும்வரை மாற்றி மாற்றிச் செய்துகொண்டே, இன்னொருவரை ஆம்புலன்ஸுக்கு அழைக்கச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி வாய்க்குள் விரலை விடாதீர்கள், இன்னும் உள்ளே தள்ளிவிடுவீர்கள்.

இருமல் அடங்கிவிட்டால் நிம்மதியாகி வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். மணி கீழே நுரையீரலின் ஒரு பக்கக் கிளைக்குள் இறங்கியிருக்கலாம். பிளாஸ்டிக்கும் விதையும் எக்ஸ்ரேயில் தெரியாது. ஆகவே மூச்சிரைப்பை ஆஸ்துமா என்று எண்ணி, வாரக்கணக்கில் அதற்கான மருந்து கொடுத்துக்கொண்டிருப்பதும் நடக்கிறது. "அன்றைக்கு விளையாடும்போது ஒருமுறை புரையேறியது" என்ற ஒரு வரியை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

வாட்டர் பீட்ஸ் எனப்படும் நீரில் ஊறும் மணிகளைச் சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம். கடுகைவிடச் சற்றே பெரிதாகத் தெரிவது ஊறியதும் கோலி அளவாகும். விழுங்கினால் குடலில் ஊதி அடைத்துக்கொள்ளும், எக்ஸ்ரேயிலும் தெரியாது. காதில் போனால் சொட்டு மருந்தோ தண்ணீரோ விடாதீர்கள், உள்ளேயே பெருக்கும்.

பாடும் புத்தகத்திலும் இசை வாழ்த்து அட்டையிலும் இருக்கும் பட்டன் பேட்டரிக்கு வருகிறேன். "மலத்துல தானா வந்துடும்" என்ற யோசனையை யாரிடம் கேட்டீர்களோ, அவரிடம் இனி எதையும் கேட்காதீர்கள். 20 மி.மீ. லித்தியம் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே சுவரைச் சுட்டுப் புண்ணாக்கத் தொடங்கிவிடும். பாட்டு வராத பழைய பேட்டரியிலும் அதற்குப் போதுமான மின்சாரம் மிச்சம் இருக்கும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஒரு வயது தாண்டி, விழுங்கி 12 மணி நேரத்துக்குள் என்றால், வழியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை 2 தேக்கரண்டி தேன், 6 முறை வரை தரலாம். கையில் தேன் இல்லையென்றால் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். வேறு எதுவும் வாய்வழி வேண்டாம். பேட்டரி மூடியில் திருகாணி இல்லாத பொம்மையை வாங்காதீர்கள். ஒன்றுக்கு மேற்பட்ட காந்தத்தை விழுங்கினாலும் இதே அவசரம்தான்: குடலின் இரு மடிப்புகளைக் கவ்விக்கொண்டு நடுவில் ஓட்டை போட்டுவிடும்.

மூக்கின் ஒரு பக்கம் மட்டும் நாற்றத்துடன் சளி வடிந்தால், உள்ளே ஏதோ இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஹேர்பின்னும் பட்ஸும் தொடவே கூடாது.

ஐந்து வயதுக்காரருக்குச் சின்ன மணி தந்தே ஆக வேண்டுமா? தாருங்கள், தம்பி தங்கை தூங்கும் நேரத்தில். பத்து மணி எண்ணிக் கொடுத்தால் பத்தும் எண்ணப்பட்டு டப்பாவுக்குத் திரும்பட்டும். எண்ணும் பாடமும் முடிந்துவிடும். ஒன்று குறைந்தால் தரையைத் தேடுங்கள், பிறகு குழந்தையிடம் மெதுவாகக் கேளுங்கள். அதட்ட வேண்டாம். திட்டு வாங்கிய குழந்தை அடுத்த முறை மறைத்துவிடும். எங்களுக்குக் கிடைக்கும் முதல் துப்பே அது சொல்லும் சொல்தான். மருத்துவமனைக்கு வரும்போது அதே டப்பாவிலிருந்து இன்னொரு மணியையும் கையோடு கொண்டுவாருங்கள். எந்த அளவு, எந்தப் பொருள் என்று தெரிந்தால் எடுப்பதற்கு எந்தக் கருவி என்பதை உடனே முடிவு செய்துவிடலாம்.