பதினான்கு டன் கணக்கு: ஜப்பானின் பழைய டீசல் லோகோக்களுக்கு மாற்று வந்த விதம்

ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவில் கிடாமி என்று ஓர் ஊர். வெங்காயத்துக்குப் பேர்போனது. அறுவடைக் காலம் வந்துவிட்டால் அங்கிருந்து அசாஹிகாவா பக்கம் வெங்காயம் ஏற்றிய கன்டெய்னர் ரயில் ஓடத் தொடங்கும். வழியில் எங்காரு என்ற நிலையத்தில் தண்டவாளம் முட்டிக்கொண்டு நின்றுவிடும். மேற்கொண்டு போகவேண்டுமானால் வந்த திசைக்கே திரும்பி வேறு பாதையில் பிரிய வேண்டும். மற்ற இடங்களில் ரயிலை இழுக்கும் வண்டியான லோகோவைக் கழற்றி, சுற்றிக் கொண்டுவந்து மறுமுனையில் மாட்டுவார்கள். வெங்காய ரயிலுக்கு அந்தப் பாடு இல்லை. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு லோகோவோடுதான் அது கிளம்பும். எங்காரு வரை முன்னால் நின்று இழுத்தது, அதற்கு அப்புறம் பின்னால் நின்று தள்ளும்.

பல ஆண்டுகள் அந்த இரண்டு முனைகளிலும் நின்றது டிடி51 என்ற டீசல் லோகோ. 2014-இல் அதன் இடத்துக்கு டிஎஃப்200 வந்தது. பழையது போய்ப் புதியது வந்தது என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம்தான். ஆனால் ஒரு லோகோவுக்கு மாற்று தேடுவது பழைய லாரியை விற்றுப் புதிய லாரி வாங்குவது போன்ற வேலை இல்லை. லோகோவின் பாரம் தண்டவாளத்தில் எப்படி இறங்குகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் பெயரைப் பிரித்துப் பார்ப்போம். டிடி51-இல் முதல் 'டி' டீசலைக் குறிக்கிறது. இரண்டாவது 'டி' ஆங்கில நெடுங்கணக்கில் நான்காவது எழுத்து. இன்ஜினின் சக்தி நான்கு அச்சுகளுக்குப் போகிறது என்று அதற்குப் பொருள். அதேபோல டிஇ10-க்கு ஐந்து அச்சு, டிஎஃப்200-க்கு ஆறு. உள்ளே இருக்கும் டீசல் இன்ஜினின் பெயரான டிஎம்எல்61-க்கும் இந்த மாதிரி ஒரு கணக்கு உண்டு. 'எல்' பன்னிரண்டாவது எழுத்து, ஆகவே பன்னிரண்டு சிலிண்டர். 61 என்பது அந்தச் சிலிண்டர்களின் மொத்தக் கொள்ளளவு, லிட்டரில். பெயரைப் படித்தாலே இயந்திரம் பிடிபட்டுவிடும் இந்த முறை எனக்கு மிகவும் பிடிக்கும்.

டிடி51 முதலில் வந்தது 1962-இல். 1978 வரை 649 லோகோக்கள் கட்டப்பட்டன. நீராவி லோகோக்களை விரட்ட வேண்டும் என்பதுதான் அன்றைய ஜப்பானிய தேசிய ரயில்வேயின் அவசரம். அதற்கு முன் டிஎஃப்50 என்று ஒன்றை ஓட்டிப் பார்த்திருந்தார்கள். அது டீசலால் ஜெனரேட்டரைச் சுற்றி, அந்த மின்சாரத்தில் மோட்டாரை ஓட்டும் வகை. ஜெனரேட்டரும் மோட்டாரும் அந்தக் காலத்தில் பெரும் பாரம். எண்பது டன்னுக்கு மேல் எடையிருந்தும் 1,060 முதல் 1,200 குதிரைத்திறன்தான் தேறியது. டிடி51-இல் மின்சார வழியையே விட்டுவிட்டு எண்ணெயைப் பிடித்தார்கள்.

ஒரு குடம் தண்ணீரில் கையை விட்டுச் சுழற்றினால் மேலே மிதக்கும் துரும்பும் கூடவே சுற்றும், இல்லையா? டார்க் கன்வெர்ட்டர் என்ற பெட்டிக்குள் நடப்பதும் ஏறக்குறைய அதேதான். டீசல் இன்ஜின் ஒரு விசிறிச் சக்கரத்தைச் சுற்றுகிறது. அது எண்ணெயை வீசியடிக்கிறது. எதிரே இருக்கும் டர்பைன் சக்கரம் அந்த எண்ணெயின் வேகத்தில் சுற்றுகிறது. இடையில் நிலையாக நிற்கும் தகடுகள் எண்ணெயைத் திருப்பிவிடுவதால், ரயில் நகரத் தொடங்கும் நேரத்தில் முறுக்குவிசை பல மடங்காகப் பெருகிக் கிடைக்கிறது. கிளட்ச் தேய்கிறது என்ற கவலையும் இல்லை. பெட்டிக்குள் எண்ணெயை நிரப்பினால் சக்தி பாயும், வடித்துவிட்டால் நின்றுவிடும். அங்கிருந்து லாரியில் பார்ப்பது போன்ற நீளத் தண்டுகள் வழியாகச் சக்தி சக்கரங்களுக்குப் போகிறது. இந்த ஏற்பாட்டில் 84 டன் லோகோவுக்குள் 1,100 குதிரைத்திறன் இன்ஜின்கள் இரண்டு அடங்கின. மொத்தம் 2,200. அன்றைக்கு அது பெரிய சாதனை.

இப்போது பாரத்துக்கு வருவோம். 84 டன்னை ஆறு அச்சுகள் தாங்குகின்றன. ஓர் அச்சுக்குப் பதினான்கு டன். கிளைப் பாதைகளில் தண்டவாளம் மெல்லியது, பாலங்கள் பழையவை. அங்கே அச்சுப் பாரம் கூடினால் தாங்காது. ஆனால் லோகோவுக்குப் பாரம் இல்லாமலும் முடியாது. உருக்குச் சக்கரம் உருக்குத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொள்வதே பாரத்தால்தான். காய்ந்த தண்டவாளத்தில்கூட, அச்சின் மேல் இருக்கும் எடையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரைதான் இழுவிசையாகத் தேறும். ஈரமோ பனியோ இருந்தால் அது பாதிக்கும் கீழே போய்விடும். அதற்கு மேல் சக்தி கொடுத்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுற்றும். டிடி51-இன் நடுவிலுள்ள இரண்டு அச்சுகளும் பாரம் தாங்க மட்டுமே, அவை இழுப்பதில்லை. ஆகவே 84 டன்னில் ஏறத்தாழ 56 டன்தான் பிடிமானத்துக்கு உதவுகிறது.

இந்தக் குறை ஹொக்கைடோவில்தான் அதிகம் உறைத்தது. நீளமான கன்டெய்னர் ரயில்களுக்கு டிடி51 இரண்டைச் சேர்த்து மாட்ட வேண்டியிருந்தது. 1987-இல் தேசிய ரயில்வே பிரிக்கப்பட்டபோது சரக்குக்கென்று தனியாகப் பிறந்த ஜேஆர் ஃப்ரெய்ட் நிறுவனம், இரண்டின் வேலையை ஒன்றே செய்ய வேண்டும் என்று உருவாக்கியதுதான் டிஎஃப்200. மாதிரி லோகோ 1992-இல் வந்தது. 96 டன் எடை. ஆறு அச்சும் இழுக்கும். அச்சுக்குப் பதினாறு டன். டீசல்-மின்சார முறை இதில் திரும்பி வந்தது. இடைப்பட்ட காலத்தில் மோட்டார்கள் சிறுத்துவிட்டன, மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் இன்வெர்ட்டர் வந்துவிட்டது. சக்கரம் லேசாக வழுக்கினாலும் மின்னணுச் சுற்று அதை உணர்ந்து, கண்ணிமைக்கும் நேரத்தில் விசையைக் குறைத்துப் பிடியை மீட்டுவிடும். ஓட்டுநர் கைப்பழக்கத்தில் செய்துவந்த வேலை அது. இரண்டு இன்ஜினும் சேர்ந்து 3,400 குதிரைத்திறன், பின்னால் வந்தவற்றில் 3,600. வேகமும் மணிக்கு 95 கிலோமீட்டரிலிருந்து 110 ஆனது.

ஆனால் அந்தப் பதினாறு டன் எல்லாப் பாதைக்கும் ஒத்துவராது. சரக்கு நிறுவனம் ஓடுவது பெரும்பாலும் பயணிகள் ரயில் நிறுவனங்களின் தண்டவாளத்தில். டிஎஃப்200 நுழைய முடியாத பாதைகள் ஏராளம்.

அது எவ்வளவு பெரிய விஷயம் என்று 2011 மார்ச்சில் தெரிந்தது. நிலநடுக்கத்தில் வடகிழக்கின் முக்கியப் பாதைகள் துண்டிக்கப்பட்டன. குளிரில் மக்கள் மண்ணெண்ணெய்க்கும் பெட்ரோலுக்கும் தவித்தார்கள். யோகோஹாமா பக்கத்திலுள்ள நெகிஷியிலிருந்து டேங்கர் ரயிலை நீகாட்டா வழியாகச் சுற்றி, பானெட்சு மேற்குப் பாதையில் கோரியாமாவுக்குக் கொண்டுவர முடிவெடுத்தார்கள். அந்தப் பாதையின் ஒரு பகுதியில் மின்கம்பி கிடையாது. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் டிடி51-களை வரவழைத்து, இரண்டிரண்டாக மாட்டினார்கள். முதல் ரயில் பனி விழுந்த ஏற்றத்தில் சக்கரம் வழுக்கி நின்றுவிட்டது. பின்னாலிருந்து ஒரு டிஇ10 வந்து தள்ளித்தான் அது மேடேறியது. மேலே சொன்ன பிடிமானக் கணக்கு முழுவதும் அந்த ஒரே ஏற்றத்தில் கண்ணெதிரே நடந்திருக்கிறது. 2018 மழை வெள்ளத்தில் மேற்கு ஜப்பானின் சான்யோ பாதை அறுந்தபோதும், சான்இன் பாதையைச் சுற்றிக் கன்டெய்னர்களை இழுத்தது டிடி51-தான்.

டிடி51-க்குக் கடைசிப் புகலிடம் நகோயா அருகே யொக்கைச்சி. எண்ணெய் டேங்கர்களும் சிமென்ட் வேகன்களும் அங்கே அதன் பொறுப்பு. நகோயாவிலிருந்து அங்கு வரும் முக்கியப் பாதையில் மின்கம்பி உண்டு. யொக்கைச்சியிலிருந்து எண்ணெய் ஏற்றும் ஷியோஹாமா வரை போகும் கிளைப் பாதையில் இல்லை. 2016 முதல் ஹொக்கைடோவின் டிஎஃப்200-களில் சிலவற்றைத் தெற்கே இறக்கி, ஐச்சி பணிமனையில் சேர்த்தார்கள். எண்ணோடு நூறு கூட்டிப் புதுப் பெயரும் வைத்தார்கள். டிஎஃப்200-123 அங்கே டிஎஃப்200-223 ஆனது. 2021 மார்ச்சில் புதிய கால அட்டவணை வந்தபோது டிடி51 சரக்கு வேலையிலிருந்து முழுவதுமாக விடைபெற்றது. அதற்கு முன்பே ஓய்வுபெற்றவற்றில் சில மியன்மாருக்கும் தாய்லாந்துக்கும் கப்பலேறிவிட்டன. அங்கே தண்டவாள இடைவெளி 1,000 மில்லிமீட்டர், ஜப்பானில் 1,067. சக்கரங்களை அந்த 67 மில்லிமீட்டருக்கு நெருக்கி மாட்ட வேண்டியிருந்தது.

டிஇ10-இன் கதை வேறு. 1966 முதல் 1978 வரை 708 கட்டினார்கள். ஒரே இன்ஜின், 65 டன், ஐந்து அச்சும் இழுக்கும். அச்சுக்குப் பதின்மூன்று டன்தான். யார்டில் பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் ஷண்டிங், சிறு பாதையில் சரக்கு என இரண்டு வேலையும் பார்த்தது. ஓட்டுநர் இருக்கை பக்கவாட்டில் திரும்பியிருக்கும். யார்டில் முன்னும் பின்னுமாகப் போய்வரும்போது உடம்பைத் திருப்ப வேண்டாம், தலையைத் திருப்பினால் போதும்.

அந்த இரட்டை வேலைக்கு இரண்டு வாரிசுகள் வந்தன. யார்டுக்கு எச்டி300, ஹைபிரிட் லோகோ; 2010-இல் மாதிரி வெளிவந்தது. ஷண்டிங் லோகோ பெரும்பாலான நேரம் சும்மா நிற்கும், பிறகு திடீரென்று முழு பலத்தோடு இழுக்க வேண்டும். எச்டி300-இல் சிறிய டீசல் ஜெனரேட்டரும் லித்தியம் அயனி பேட்டரியும் சேர்ந்து அந்தத் திடீர்ப் பளுவைப் பகிர்ந்துகொள்கின்றன. பிரேக் போடும்போது கிடைக்கும் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்புகிறது. யார்டைச் சுற்றி வீடுகள் நெருங்கிவிட்ட இடங்களில் புகையும் சத்தமும் குறைந்தது எவ்வளவு பெரிய நிம்மதி!

வெளிப்பாதைக்கு டிடி200. மாதிரி 2017-இல் வந்தது, 2019 முதல் தொடர்ந்து கட்டுகிறார்கள். நான்கு அச்சு, 58.8 டன், அச்சுக்கு 14.7. 1,217 குதிரைத்திறன் இன்ஜின், டிஎஃப்200 போலவே மின்சார முறை. யார்டிலும் தள்ளும், பாதையில் 110 கிலோமீட்டர் வேகத்திலும் ஓடும்.

ஆக, டிடி51-இன் பலமும் அதன் மெல்லிய பாதமும், அதாவது குறைந்த அச்சுப் பாரமும், சேர்ந்த ஒற்றை லோகோ இன்று ஜப்பானின் சரக்கு ரயிலில் இல்லை. டிஎஃப்200-க்குப் பலம் உண்டு, பாதம் கனம். டிடி200-க்குப் பாதம் ஏறக்குறைய ஒத்துவரும், பலம் பாதிக்குச் சற்று மேல். இன்னொரு முறை மலைப்பாதையைச் சுற்றி எண்ணெய் கொண்டுபோக வேண்டிய நிலை வந்தால், டிடி51 ஒன்றின் இடத்தில் டிடி200 இரண்டைச் சேர்த்து மாட்ட வேண்டும். இரண்டும் சேர்ந்து 2,434 குதிரைத்திறன். டிடி51 ஒன்றைவிட 234 அதிகம். இழுக்கும் அச்சுகளோ எட்டு, அவற்றின் மேல் 117.6 டன் பாரம். டிடி51 ஒன்றில் பிடிமானத்துக்கு உதவியது 56 டன்தான்.