மூங்கில் வலைக்காளான்: 'துர்நாற்றக் கொம்பு' வேண்டவே வேண்டாம்

சீனச் சமையல் காணொளிகளுக்குத் தமிழில் வசன வரி எழுதுகிறவர்களும் உலர்ந்த காளான் பொட்டலங்களுக்குத் தமிழ்ப் பெயர் எழுதுகிறவர்களும் சேர்ந்து, சாப்பிட அருமையான ஒரு காளானுக்கு 'துர்நாற்றக் கொம்பு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இன்னும் சிலர் 'மூங்கில் பூஞ்சை' என்கிறார்கள். இரண்டுமே தப்பு, முதலாவது ரொம்பவே தப்பு. திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் பொருள் என்ன என்று பார்த்துவிடலாம். தென்மேற்குச் சீனாவின் குயிசோ, சிச்சுவான், யுன்னான் மாகாணங்களில் மூங்கில் காட்டுச் சருகுக்கு அடியிலிருந்து மழைக்காலத்தில் கிளம்பும் காளான் இது. வெள்ளைத் தண்டு, உள்ளே குழல். உச்சியில் குழிகுழியான சிறு தொப்பி, அதன்மேல் பச்சை கலந்த பழுப்பு நிறத்தில் கொழகொழப்பு. தொப்பிக்குக் கீழிருந்து இறங்கித் தண்டைச் சுற்றித் தொங்கும் வெள்ளை வலை. அந்த வலையைப் பார்த்தவர் வலையில்லாத எந்தக் காளானோடும் இதைக் குழப்பிக்கொள்ள மாட்டார்.

பெயர் வரலாறு சுருக்கமாக. சீனத்தில் சூசுன்: 'சூ' மூங்கில், 'சுன்' பழைய சீனக் கவிதைகளில் வரும் ஒரு மணமுள்ள செடி. ஜப்பானியத்தில் கினுகாசா-தாக்கே, பிரபுக்களின் தலைக்குமேல் பிடிக்கிற பட்டுக்குடையின் பெயரால். ஃபாலஸ் இண்டுசியாட்டஸ் என்பது 1798இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் வென்டெனா வைத்த அறிவியல் பெயர். முதல் பாதி கிரேக்கத்தில் ஆண்குறி, அடுத்த பாதி லத்தீனில் உள்ளாடை உடுத்தது. ஆங்கிலத்தில் இந்தக் குடும்பம் மொத்தத்துக்கும் ஸ்டிங்க்ஹார்ன், அதாவது நாறும் கொம்பு. இத்தனை பெயர் இருக்க, நம்மவர்கள் போய் எடுத்தது கடைசிப் பெயரைத்தான்.

அதை எடுத்து என்ன செய்தார்கள்? ஒரு சொல்லை நடுவில் பிளந்து, பாதிக்குப் பாதி தமிழ் போட்டு ஒட்டினார்கள். 'கொம்பு' என்றால் தமிழில் மாட்டுக்கொம்பு மட்டுமா? மரக்கிளையும் கொம்புதான், ஊதுகிற வாத்தியமும் கொம்புதான். 'மூங்கில் காட்டுத் துர்நாற்றக் கொம்பு' என்று ஒரு வரியைப் படிக்கிறவர் ஏதோ நாற்றமடிக்கிற மூங்கில் கிளையைச் சூப்பில் போடுகிறார்கள் என்றுதான் நினைப்பார், காளான் என்ற நினைப்பே அவருக்கு வராது, அப்படி நினைத்தால் அது அவர் தப்பும் இல்லை. பொருள் என்ன என்பதையே சொல்லாத பெயர் எப்படிக் கலைச்சொல் ஆகும்?

அப்புறம் அந்தத் 'துர்நாற்றம்'. நாற்றம் என்ற சொல் பழைய தமிழில் நறுமணத்துக்கும் உரியது. இன்று அது கெட்ட வாடைக்கே ஒதுங்கிவிட்ட பிறகும் அதன் தலையில் 'துர்' ஏற்றி எழுதுகிறோம். சரி, அதை விட்டாலும், நாறுவது எது? தொப்பிமேல் இருக்கும் கொழகொழப்பு மட்டும். வித்துகள் அதில்தான் இருக்கின்றன. அழுகல் வாடைக்கு ஈக்கள் வந்து உட்கார்ந்து வித்துகளைக் கொண்டுபோகும். பறிக்கிறவர்கள் தொப்பியை அங்கேயே கிள்ளி எறிந்துவிடுகிறார்கள், வெள்ளை வலையில் கறை ஏறக்கூடாது என்பதும் ஒரு காரணம். தட்டுக்கு வருவது தண்டும் வலையும். காய்ந்தபின் அவற்றில் லேசான மண்வாசம்தான். எறிந்துவிட்ட பாகத்தின் குணத்தை உண்கிற பாகத்துக்குப் பெயராக வைப்பது என்ன நியாயம்?

'மூங்கில் பூஞ்சை'க்கு வருவோம். பள்ளிப் பாடத்தில் காளானும் பூஞ்சை வகைதான், மறுக்கவில்லை. ஆனால் சமையலறையில் பூஞ்சை என்றால் கெட்டுப்போன ரொட்டியில் படர்வது. தமிழ் இரண்டையும் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கும்போது, ஆங்கிலத்தில் 'ஃபங்கஸ்' என்ற ஒரே சொல் இரண்டுக்கும் வருகிறதே என்று நாமும் கலக்க வேண்டியதில்லை. ஆங்கில வணிகப் பெயர் ஒன்று இதை மூங்கிலின் உட்சோறு, அதாவது தண்டுக்குள் இருக்கும் மெத்தென்ற பகுதி, என்றே சொல்கிறது. அதையும் அப்படியே தமிழாக்குகிறார்கள். இது மூங்கிலின் எந்தப் பாகமும் இல்லை என்று பார்ப்பதில்லை. 'முகத்திரைக் காளான்' என்பதும் பொருந்தாது. திரை முகத்தை மூட வேண்டும், இந்த வலை தொப்பிக்குக் கீழேதான் தொங்குகிறது.

என் பரிந்துரை: குடும்பத்துக்கு முடைக்காளான். முடை என்றாலே கெட்ட வாடை, 'முடைநாற்றம்' இன்றும் பேச்சில் இருக்கிறது, 'துர்' தேவையே இல்லை. உண்ணும் இந்த வகைக்கு மூங்கில் வலைக்காளான். பார்த்ததும் தெரிகிற அடையாளமே பெயரில் இருக்கிறது. சிறுபாணாற்றுப்படையில் பாழடைந்த அடுக்களையில் பூத்த காளானைப் 'புழற்காளாம்பி' என்கிறார் புலவர்; புழல் என்றால் உள்ளே துளை உள்ளது. தண்டு குழலாக இருப்பதால் புழற்காளான் என்றும் சொல்லிப் பார்த்தேன், அழகான சொல்தான், ஆனால் இன்று புழல் என்றால் ஏரியும் சிறையும்தான் நினைவுக்கு வரும். வலைக்காளானே தெளிவு.

இதில் தெளிவை நான் இவ்வளவு வற்புறுத்தக் காரணம், காளான் விஷயத்தில் பெயர்க் குழப்பம் உயிரோடு விளையாடுவது. வலைக்காளான் முதலில் முட்டை வடிவில்தான் இருக்கும், சீனாவில் அந்த முட்டையையும் சமைக்கிறார்கள். கொடிய நஞ்சுள்ள அமானிட்டா காளான்களும் இளசில் வெள்ளை முட்டைதான்! நெடுக்கே அறுத்தால் வலைக்காளான் முட்டையில் தோலுக்கு உள்ளே ஒரு கூழ் அடுக்கு, பச்சை வித்துத்திரள், நடுவே மடங்கிய வெள்ளைத் தண்டு தெரியும். அமானிட்டாவில் கூழ் இருக்காது, தொப்பியும் அதன் அடியில் செவுள் போன்ற தகடுகளும் தண்டுமாக ஒரு குட்டிக் குடை தெரியும். மஞ்சள் வலை உள்ள உறவுக்காளானைச் சீனாவில் நஞ்சு என்று ஒதுக்குகிறார்கள். அந்தக் காணொளி வரிகளில் மஞ்சளும் வெள்ளையும் ஒரே 'துர்நாற்றக் கொம்பு'தான். வெப்பமண்டல நாடுகள் பலவற்றில், இந்தியாவிலும், வலைக்காளான் முளைக்கிறது என்பதால் இது எங்கோ சீனத்துச் சமாசாரம் என்று விட்டுவிட முடியாது. படத்தைப் பார்த்துக் காட்டில் பறித்துத் தின்னக் கூடாது, தெரிந்தவர் கூட இருக்க வேண்டும்.

கடையில் கிடைப்பது பெரும்பாலும் பயிரிட்டுக் காயவைத்தது. காட்டில் மட்டும் அரிதாகக் கிடைத்துக்கொண்டிருந்ததை 1979 வாக்கில்தான் சீனாவில் பயிரிடத் தொடங்கினார்கள். பளீர் வெள்ளையாக இருந்தால் கந்தகப் புகை போட்டிருக்கலாம், இளமஞ்சளாக இருப்பதை எடுங்கள். லேசாக உப்பிட்ட நீரில் அரைமணி ஊறவைத்து, நீரை மாற்றி அலசி, தொப்பியின் மிச்சமும் அடிநுனியும் இருந்தால் நறுக்கிவிட்டு, கொதிநீரில் ஒரு முறை காட்டி எடுத்துக் கோழிச் சாற்றில் போட வேண்டும். பஞ்சு போலச் சாற்றை உறிஞ்சிக்கொள்ளும், கடித்தால் மொறுமொறு. குழலுக்குள் காய்கறியைத் திணித்து ஆவியில் வேகவைப்பதும் உண்டு.

பொட்டலத்தில் எழுதுகிறவர்களுக்கு: 'உலர்ந்த மூங்கில் வலைக்காளான் - சூசுன்' என்று போடுங்கள். இடம் இல்லையென்றால் 'வலைக்காளான்' மட்டும் போதும்.