லாரியில் போகும் தாமிரம் எவ்வளவு? சாம்பியா அரசு அளக்கக் கற்றுக்கொண்ட விதம்

ஆப்பிரிக்க நாடான சாம்பியாவின் ஏற்றுமதி வருவாயில் பெரும்பகுதி தாமிரத்தால் வருவது. சுரங்க நிர்வாகத்தைச் சீர்படுத்த நார்வே, ஐரோப்பிய ஒன்றியம் போன்ற கொடையாளர்கள் அங்கே பல ஆண்டுகளாக உதவி வருகிறார்கள். இத்தகைய உதவி என்றாலே சட்டத் திருத்தம், பயிலரங்கு, ஆண்டறிக்கை என்றுதான் பலரும் நினைக்கிறோம். அவையும் வேண்டியவைதான். ஆனால் கருவூலத்துக்கு எவ்வளவு பணம் வரும் என்பது நான்கு எண்களைப் பொறுத்தது: எடை, ஈரப்பதம், உலோகச் சதவீதம், விலை. இந்த நான்கையும் நிறுவனம் சொல்வதை நம்பாமல் அரசே சரிபார்க்க முடிகிறதா என்பதை வைத்துத்தான் உதவியின் பயனை எடைபோட வேண்டும்.

சுரங்கத்திலிருந்து வெளியேறும் சரக்கில் ஒரு வகை, செறிவூட்டிய தாது, அதாவது கல்லை அரைத்து வேண்டாததில் பெரும்பகுதியை நீக்கியது. ஈரமான கருநிற மாவு போல இருக்கும். கால் பங்குக்குச் சற்று மேல் தாமிரம். 1,000 டன் சரக்கில் ஈரப்பதம் 9%, தாமிரம் 28% என்று வைத்துக்கொள்வோம். உலர் எடை 910 டன், தாமிரம் 254.8 டன். அதே சரக்குக்கு ஈரப்பதம் 11%, தாமிரம் 26% என்று தாளில் எழுதினால் தாமிரம் 231.4 டன்தான். 23.4 டன் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. டன் 9,000 டாலர் என்றால் அதன் மதிப்பு 2,10,600 டாலர். ராயல்டி என்பது தோண்டியெடுக்கும் கனிமத்துக்காகச் சுரங்கம் அரசுக்குக் கட்டும் தொகை. விலை ஏற ஏற விகிதமும் ஏறும்படி சாம்பியா 2022இல் கொண்டுவந்த படிநிலை ராயல்டி விகிதப்படி, அந்த விலையில் ஒரு டன்னுக்கு ஏறக்குறைய 595 டாலர் சேர வேண்டும். ஒரே சரக்கில் ராயல்டி இழப்பு மட்டும் சுமார் 13,900 டாலர். லாபத்தின் மீதான வரி தனி.

ஆய்வகத்துக்குப் போகும் முன்பே, மாதிரி எடுக்கும்போதே பெரிய பிழைகள் நுழைந்துவிடுகின்றன. லாரி குலுங்கக் குலுங்கக் கனமான துகள்கள் அடியில் இறங்கும். மேலாக ஒரு கரண்டி அள்ளினால் அது சரக்கின் தன்மையைச் சொல்லாது. ஓடும் கன்வேயர் பெல்ட்டின் முனையில் விழும் தாதுவை, முழு அகலத்துக்கும் குறுக்கே, சீரான இடைவெளியில் வெட்டி எடுப்பதே சிறந்த முறை. அது முடியாவிட்டால் லாரியின் பல இடங்களில் அடிவரை குழாயைச் செலுத்தி எடுக்க வேண்டும். மாதிரிப் பை திறந்தபடி வெயிலில் கிடந்தால் ஈரப்பதம் குறைவாகக் காட்டும். மழைபட்டால் கூடுதலாகக் காட்டும். அதனால் உடனே மூடி, எடை போட்டு, 105 டிகிரியில் எடை மாறாத வரை உலர்த்தி, மறுபடி எடை போடுகிறார்கள். பிறகு அரைத்து, பிரித்து, நிறுவனத்துக்கு ஒன்று, அரசுக்கு ஒன்று, தகராறு வந்தால் நடுவர் ஆய்வகத்துக்கு ஒன்று என முத்திரையிட வேண்டும். அந்த மூன்றாவது பொட்டலம் இல்லாவிட்டால் பிறகு எந்த வாதமும் நிற்காது.

கையில் பிடிக்கும் எக்ஸ்-கதிர் கருவி நொடிகளில் தாமிரச் சதவீதத்தைக் காட்டும். சந்தேகமான லாரியைப் பிரித்தறிய அது போதும். வரி போட அது போதாது. மேலே சொன்ன சரக்கில் ஒரே ஒரு சதவீதப் புள்ளி தவறினால் 9.1 டன் தாமிரம், அதாவது 81,900 டாலர். வரி போடுவதற்கு டைட்ரேஷன் (கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளப்பது) போன்ற ஈர வேதியியல் முறையும், உலோக அளவு முன்பே சான்றளிக்கப்பட்ட ஒப்பீட்டு மாதிரிகளும், பழகிய கையும் வேண்டும்.

வர்த்தகம், வளர்ச்சிக்கான ஐ.நா. அமைப்பான அங்க்டாட் சாம்பியாவுக்கு 'மோசஸ்' என்ற கணினி முறையை உருவாக்கிக் கொடுத்தது. சுரங்கங்கள் மாத உற்பத்தியை அதில் பதிகின்றன. வரித்துறையும் சுரங்கத்துறையும் ஒரே எண்ணைப் பார்க்க முடிகிறது. இது பெரிய முன்னேற்றம். ஆனாலும் பதியப்பட்ட எண் உண்மையா என்பதை எடைமேடையும் ஆய்வகமும்தான் சொல்ல முடியும்.

நான்காவது எண்ணான விலையில்தான் நீண்ட சண்டை நடந்தது. சாம்பியாவின் மோபானி சுரங்கம் தன் தாமிரத்தை, அப்போது தாய்க்குழுமமாக இருந்த கிளென்கோரின் இன்னொரு நிறுவனத்துக்கு விற்றது. இப்படி உறவுக்குள் விற்கும்போது விலையைக் குறைத்தால், லாபம் வரி குறைந்த நாட்டுக்குப் போய்விடும். நார்வே நிதியில் மோபானியின் கணக்குகளை வெளிநாட்டு நிபுணர்கள் தணிக்கை செய்தார்கள். 2011இல் அந்த அறிக்கை கசிந்தது. நிறுவனம் அதன் முடிவுகளை மறுத்தது. 2006 முதல் 2009 வரையான கணக்குகளுக்கு வரித்துறை விதித்த வரியை எதிர்த்து நிறுவனம் நடத்திய வழக்கில், 2020 மே மாதம் உச்ச நீதிமன்றம் வரித்துறைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தொகை, சாம்பியா நாணயத்தில் 24 கோடி குவாச்சா. ராயல்டிக்கோ, லண்டன் உலோகச் சந்தையின் மாத சராசரி விலையையே கணக்கில் கொள்ள வேண்டும் என்று சாம்பியா சட்டமே போட்டிருக்கிறது. அங்கே விலையில் விளையாட இடமில்லை.

2006ஆம் ஆண்டுக் கணக்குக்கு 2020இல் விடை. உதவித் திட்டங்களோ பெரும்பாலும் நான்கைந்து ஆண்டுகளில் முடிந்துவிடும். அதன்பின் அமிலம், வாயு உருளை, கருவிப் பழுது, எடைமேடையின் அளவுத்திருத்தம் எல்லாம் உள்நாட்டு பட்ஜெட்டில் இடம்பெறாவிட்டால் ஆய்வகம் பூட்டியே கிடக்கும். பயிற்சி பெற்ற தணிக்கையாளரைச் சுரங்க நிறுவனமே இரண்டு மடங்கு சம்பளம் தந்து அழைத்துக்கொள்ளலாம். எனவே ஒப்பந்தம் போடும் நாளிலேயே எந்த ஆண்டு எந்தச் செலவு அரசின் கைக்கு மாறும், எத்தனை பணியிடங்கள் நிரந்தரமாகும், முத்திரையிட்ட மாதிரிகளும் கோப்புகளும் எத்தனை ஆண்டு காக்கப்படும் என்பதைக் கொடையாளரும் நிதியமைச்சகமும் எழுதி வைக்க வேண்டும்.